தோளில் கை வைத்தால் எல்லாம் ஒரே மாவு உருண்டை: மார்பு, தோள் தசைகளை விரலால் எப்படிப் பிரித்தறிவது?

நாஞ்சில் மாணவி | ஞாயிறு, இரவு 9.40

பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். படத்தில் பார்த்தால் மார்பிலும் தோளிலும் ஒவ்வொரு தசையும் தனி நிறத்தில், தனிக் கோட்டோடு அழகாக இருக்கிறது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் ஓர் ஆளின் தோளில் கை வைத்த நொடியில் எல்லாம் ஒரே மாவு உருண்டையாகிவிடுகிறது.

வியாழக்கிழமை மானம் போயிற்று. "கோரகாய்டு முனையைத் தொட்டுக் காட்டு" என்றார் ஆசிரியர். நோயாளி ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர், தோள் பாறை. நான் பெருமையாக அழுத்திக் காட்டினேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அவருடைய முழங்கையை மடக்கி, கையை உள்ளும் புறமுமாகச் சுழற்றினார். என் விரலுக்கடியில் இருந்த 'கோரகாய்டு' உருண்டு ஓடியது! கோரகாய்டு தோள்பட்டை எலும்பின் பகுதி. கையைச் சுழற்றினால் அது அசையாது. நான் பிடித்திருந்தது மேற்கை எலும்பின் சிறு முண்டு. அந்த மீனவரே சிரித்துவிட்டார். "பிள்ளைக்கு இன்னும் கரை தெரியவில்லை" என்றார்.

என் கேள்விகள்: மார்பின் பெரிய தசையும் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டும் எங்கே பிரிகின்றன? சிறிய மார்புத் தசை பெரியதற்கு அடியில் இருக்கிறதே, அதை எப்படித் தொடுவது? கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸுக்கு அடியில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற சின்னத் தசை இருப்பதை விரல் எப்படி அறியும்?

மார்த்தாண்டம் பிசியோ | ஞாயிறு, இரவு 10.15

தங்கை, அந்த மீனவர் பாடத்தையே ஒரு வரியில் சொல்லிவிட்டார். எலும்புதான் கரை. முதலில் அதைப் பிடியுங்கள்.

நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் செய்வது இது. கழுத்தடிப் பள்ளத்தில் தொடங்கி, காறை எலும்பின் மேலாகவே இரண்டு விரல்களை வெளிப்பக்கம் நடத்திச் செல்லுங்கள். எலும்பு முதலில் முன்னோக்கி வளையும், பிறகு பின்னோக்கி உள்வாங்கும். அந்த உள்வாங்கிய இடத்திலிருந்து கீழே ஒரு கட்டைவிரல் அகலம், ஏறத்தாழ 2.5 செ.மீ. இறங்கி, பின்னோக்கியும் சற்று வெளிப்பக்கமாகவும் அழுத்தினால் கெட்டியாக ஒரு குமிழ் தட்டுப்படும். அதுதான் கோரகாய்டு. அங்கே அழுத்தினால் நோயே இல்லாதவரும் முகத்தைச் சுளிப்பார். எனவே 'வலிக்கிறதா' என்ற கேள்விக்கு அங்கே மதிப்பில்லை. 'அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் அதிகமாக வலிக்கிறதா' என்றே கேட்க வேண்டும். ஆசிரியர் செய்த சோதனையை மறக்காதீர்கள். கையைச் சுழற்றும்போது உருண்டால் அது மேற்கை எலும்பு, அசையாமல் நின்றால் கோரகாய்டு.

இப்போது தசை. சும்மா கிடக்கும் தசை பக்கத்துத் தசையோடு கலந்துதான் கிடக்கும். அதைத் தேடக் கூடாது, அதற்கு வேலை கொடுக்க வேண்டும். நோயாளி கையை முன்பக்கம் தோள் உயரத்துக்கு நீட்டி, உங்கள் கையை எதிர்த்து உள்பக்கமாகத் தள்ளட்டும். காறை எலும்பிலிருந்து இறங்கும் மேல்கற்றை கயிறு போல் எழும்பும். கையைப் பக்கவாட்டில் 60 டிகிரி அளவுக்கு விரித்து வைத்து அங்கிருந்து உடலை நோக்கி இழுக்கச் சொன்னால் மார்பெலும்பிலிருந்து வரும் கீழ்க்கற்றை எழும்பும். ஒரே தசைதான், ஆனால் இரண்டு கற்றைகளும் தனித்தனியாகக் கைக்குச் சிக்கும். உள்ளே தள்ளும்போது ஓரத்தில் எழுவது மார்புத் தசை. அடுத்து கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லுங்கள், எழுவது டெல்டாய்டு. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னால் நடுவில் ஒரு வாய்க்கால் புலப்படும். செபாலிக் சிரை ஓடுவது அந்த வாய்க்காலில்தான். ஒல்லியான ஆள் என்றால் கண்ணுக்கே தெரியும்.

ஓய்வுபெற்ற எலும்பு | ஞாயிறு, இரவு 10.52

தம்பி சொன்னது சரி, ஆனால் பாதி. தசைக்கு எப்போது வேலை கொடுப்பது என்பது பிசியோக்களுக்கு நன்றாகத் தெரியும். எப்போது ஓய்வு கொடுப்பது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மக்களே, அக்குளில் நெறிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள். அக்குளின் முன்சுவர் பெரிய மார்புத் தசை. பின்சுவர் முதுகின் அகன்ற தசையான லட்டிசிமஸும், தோள்பட்டை எலும்பிலிருந்து வரும் டெரஸ் மேஜரும். நோயாளி தன் கையைத் தானே தூக்கிப் பிடித்தால் சுவர்கள் இறுகிவிடும். உன் விரல் எதையும் காணாது. அவருடைய முன்கையை உன் முன்கையில் தாங்கிக்கொள். "கையை எனக்குக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் பிடிக்க வேண்டாம்" என்று சொல். முழு எடையும் உன்மேல் விழுந்த பிறகுதான் விரல்களை உள்ளே அனுப்ப வேண்டும்.

சுப்ராஸ்பைனேட்டஸும் அப்படியே. மேலே மூடியிருக்கும் ட்ரபீசியஸ் இறுகியிருந்தால் கீழே உள்ளது தெரியாது. தலையை அதே பக்கத் தோளை நோக்கிச் சாய்த்து, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல். மேல் ட்ரபீசியஸ் தொய்ந்துவிடும். கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை எலும்பின் மேட்டுக்கு மேலே உள்ள பள்ளத்தில் விரலை வை. "கையை ஓர் அங்குலம் மட்டும் விலக்கி உடனே நிறுத்துங்கள்" என்று சொல். ஆழத்தில் ஒரு துடிப்பு எழுந்து அடங்கும். தோளைத் தூக்கிவிட்டார் என்றால் ட்ரபீசியஸ் குறுக்கே வந்துவிட்டது, மறுபடியும் தொடங்கு.

அதன் நாண் வேறு கதை. அது தோள்நுனிக் கூரையான அக்ரோமியனுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நோயாளி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் நாண் கூரையை விட்டு முன்னால் வந்துவிடும். அப்போது அக்ரோமியனின் முன்விளிம்புக்குச் சற்றுக் கீழே அழுத்து.

குலசேகரம் | திங்கள், காலை 6.30

நான் எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவன். அப்பா ரப்பர் பால்வெட்டு. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால் நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கத்தியைச் சரிவாக இழுத்துவர வேண்டும். தோள் வலி எங்கள் வீட்டில் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. அதனால் இந்த இழையை ஆவலாகப் படிக்கிறேன்.

சுப்ராஸ்பைனேட்டஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கையைத் தூக்குவதில் முதல் 15 டிகிரி முழுக்க அதன் வேலை, அதன் பிறகுதான் டெல்டாய்டு ஏற்றுக்கொள்கிறது. அதேபோல் முழங்கையை விலாவில் ஒட்டி மடக்கி வைத்து முன்கையை உள்பக்கம் தள்ளச் சொன்னால் தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்தில் டெரஸ் மைனர் தசை எழும்.

மார்த்தாண்டம் பிசியோ | திங்கள், காலை 7.05

தம்பி, இரண்டிலும் திருத்தம் வேண்டும்.

முதல் 15 டிகிரி கதையைப் பழைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன, தேர்விலும் கேட்பார்கள். ஆனால் தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்து பார்த்ததில், கையைத் தூக்கத் தொடங்கும்போதே டெல்டாய்டும் கூடவே வேலை செய்வது தெரிந்துவிட்டது. சுப்ராஸ்பைனேட்டஸின் பெரிய வேலை மேற்கை எலும்பின் உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடிப்பது.

இரண்டாவது, தலைகீழாகச் சொல்லிவிட்டீர்கள். உள்பக்கம் சுழற்றுவது டெரஸ் மேஜர். வெளிப்பக்கம் சுழற்றுவது மைனர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தாலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நல்லதாகப் போயிற்று, அதை வைத்தே பிரிக்கலாம். தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்தில் இரண்டு விரல்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். வெளிப்பக்கம் தள்ளச் சொன்னால் மேல்விரல் எழும், உள்பக்கம் தள்ளச் சொன்னால் கீழ்விரல் எழும்.

குலசேகரம் | திங்கள், காலை 7.20

இரவுப் பணி முடித்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதியது. ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆசான்வீட்டுப் பேரன் | திங்கள், மாலை 5.10

நான் மருத்துவன் இல்லை, கட்டடப் பொறியாளன். என் பாட்டா அடிமுறையும் வர்மமும் தெரிந்த ஆசான். கல்குளம் பக்கம் இப்படிப் பல வீடுகள் உண்டு.

மேலே ஒருவர் கட்டைவிரல் அகலம் என்றார். யாருடைய கட்டைவிரல்? பாட்டா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அவரவர் உடம்பு அவரவர் கையால் எண்சாண். சாணுக்கு 12 விரற்கடை, ஆக 96 விரற்கடை. வர்மத்தின் இடத்தை நோயாளியின் விரலால்தான் அளக்க வேண்டும், ஆசானின் விரலால் அல்ல. பாட்டாவின் விரல் ஒவ்வொன்றும் ஏத்தன்பழம் போல இருக்கும். அவர் தன் விரலால் அளந்தால் சிறுபிள்ளையின் மார்பு முடிந்தே போய்விடும். அதனால் பிள்ளையின் கையைப் பிடித்து அதன் விரலையே அதன் நெஞ்சில் வைத்து அளப்பார். வர்மம் மொத்தம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது கணக்கு.

காறை எலும்புப் பக்கத்தை எங்கள் வீட்டில் காக்கட்டை என்பார்கள். கோரகாய்டு என்றால் கிரேக்கத்தில் காக்கை அலகு போன்றது என்று எங்கோ படித்தேன். காக்கட்டை, காக்கை! இதில் ஏதோ இருக்கிறது அல்லவா?

ஓய்வுபெற்ற எலும்பு | திங்கள், மாலை 6.02

ஒன்றும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கோரகாய்டு காக்கை அலகு என்பது உண்மை, பெயரை வைத்தவர்கள் கிரேக்கம் படித்தவர்கள். காக்கட்டையை அதோடு முடிச்சுப் போட வேண்டாம். காவடியில் வரும் 'கா' தோளில் சுமக்கும் தண்டு. சொல் ஆராய்ச்சி வேண்டுமானால் அந்தப் பக்கம் போய்த் தேடும்.

ஆனால் விரற்கடை விஷயத்தில் உங்கள் பாட்டாவுக்கு வணக்கம். நான் நாற்பது ஆண்டுகள் என் கட்டைவிரலால் அளந்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதே விரல்தான். பிள்ளைகளிடம் கோரகாய்டு எனக்கு ஏன் எப்போதும் 'இறங்கி' இருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அடிபட்டு வருகிறவர்களை மட்டும் முதலில் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் தடவவோ இழுக்கவோ வேண்டாம். இதை ஆசான் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஆசான்வீட்டுப் பேரன் | திங்கள், மாலை 6.15

பாட்டாவும் கடைசிக் காலத்தில் எக்ஸ்ரே இல்லாமல் தொடமாட்டேன் என்றுதான் சொன்னார், சார். அந்தக் காக்கையை நான் பறக்கவிட்டுவிட்டேன்.

முட்டத்துக் காற்று | திங்கள், இரவு 8.30

நான் கடல்தொழில் செய்து ஓய்ந்தவன். நோயாளியாக இருந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கரமடி இழுத்தும் துடுப்பு போட்டும் காய்த்த தோள் இது. போன ஆண்டு தோள் வலி என்று போனேன். ஒரு பையன் வந்தான், பேச்சே இல்லை. சட்டையைத் தூக்கினான், ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த கை. மூன்று நிமிடம் பிசைந்துவிட்டு, "ஸ்பாசம்" என்று எழுதினான். அந்தக் குளிரில் யாருக்குத்தான் இறுகாது? அடுத்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். "ஐயா, முதலில் வலிக்காத தோளைத் தொடுகிறேன், அப்புறம் மற்றது. எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டுங்கள்" என்றாள். நான் ஒரு விரலால் காட்ட முடியவில்லை, உள்ளங்கையால்தான் தடவிக் காட்டினேன். அதைப் பார்த்தே ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள்?

ஓய்வுபெற்ற எலும்பு | திங்கள், இரவு 9.00

அந்தப் பிள்ளையிடம் படித்தவன் அதிர்ஷ்டசாலி. ஒரு விரலால் காட்டினால் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்திலேயே, நாணிலோ மூட்டிலோ இருக்கும். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் வலி வேறெங்கிருந்தோ வருவதாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். கழுத்து நரம்பாக இருக்கலாம், வயிறாகக்கூட இருக்கலாம்.

வயிறு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாள் வந்தார். வலது தோளில் வலி. மூன்று வாரம் எண்ணெய் போட்டுத் தடவி, இரண்டு இடங்களில் ஊசியும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நானும் காறை எலும்பில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டேன். கோரகாய்டு, பைசெப்ஸ் நாண் ஓடும் பள்ளம், சுப்ராஸ்பைனேட்டஸ் நாண், தோள்பட்டை எலும்பின் மேலும் கீழும் உள்ள பள்ளங்கள். எங்கே அழுத்தினாலும் "அங்கே இல்லை டாக்டர்" என்றார். கையை எந்தத் திசையில் திருப்பினாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொட்டால் வலிக்காத, அசைத்தால் வலிக்காத தோள், தோள் நோய் இல்லை. படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். பாதி மூச்சில் 'அம்மா' என்று நிறுத்திவிட்டார். பித்தப்பையில் கல். அதன் எரிச்சல் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தையும் தொடும். உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புவேர்களிலிருந்து புறப்படுகிறது. தோள்நுனித் தோலுக்கும் உணர்வு ஏறத்தாழ அதே வேர்களிலிருந்துதான். மூளைக்கு முகவரி குழம்பிவிடுகிறது.

அந்த ஊசி போட்டவர்களில் ஒருவன் நான்தான். முதல் தடவை வந்தபோது தொட்டே பார்க்கவில்லை. வெளியே நாற்பது பேர் நின்றார்கள்.

வடசேரி அக்கா | செவ்வாய், காலை 11.25

மார்பக அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாணவியின் இரண்டாம் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! தோள்காரர்கள் எல்லாம் தோளிலேயே நின்றுவிட்டீர்கள்.

சிறிய மார்புத் தசை 3, 4, 5ஆம் விலா எலும்புகளிலிருந்து கிளம்பி கோரகாய்டில் சேர்கிறது. நோயாளி கையை மடக்கி, புறங்கையை இடுப்புக்குப் பின்னால் முதுகில் வைத்துக்கொள்ளட்டும். நீ கோரகாய்டுக்குக் கொஞ்சம் கீழே, பெரிய தசையின் மேலாகவே விரல்களை வை. "முதுகிலிருந்து கையைச் சற்று எடுங்கள்" என்று சொல். பெரிய தசை சும்மா இருக்க, அதன் அடியில் ஒரு பட்டை இறுகும். கையை இறக்கச் சொல்லி, மறுபடி எடுக்கச் சொல். மூன்றாவது தடவையில் விரல் கண்டுபிடித்துவிடும். அக்குளின் பக்கமாக உள்ளே நுழைவதும் ஒரு வழி, ஆனால் அங்கே நரம்புப் பின்னலும் தமனியும் இருக்கின்றன. விரல் நுனியால் குத்தக் கூடாது, விரலின் சதைப்பகுதியால் மெதுவாக.

பெரிய தசைக்கு இன்னொரு பயன் எங்களிடம் உண்டு. மார்பகத்தில் கட்டி இருந்தால், கைகளை இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்வோம். தசை இறுகும்போது, தளர்ந்திருக்கையில் அசைந்த கட்டி அசையாமல் நின்றுவிட்டால் அது தசையோடு ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது விரல்கள்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பெண் நோயாளியின் மார்புப் பகுதியைத் தொடுமுன் என்ன செய்யப் போகிறோம், எதற்காக என்று சொல்லி, சரி என்ற பிறகே தொட வேண்டும். கூட ஒரு பெண் இருக்க வேண்டும். பார்க்காத பகுதியைத் துணியால் மூட வேண்டும். ஆண் மாணவர்களுக்கு மட்டும் இல்லை, நாமும்தான். 'நானும் பெண்தானே' என்று கேட்காமலே கை வைக்கிறோம். கேட்டபோது "வேண்டாம்" என்று சொன்ன ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். மறுநாள் தானாகவே வந்து, "இன்றைக்குப் பார் மக்களே" என்றார்.

நாஞ்சில் மாணவி | செவ்வாய், மதியம் 1.40

அக்கா, இடைவேளையில் தோழியிடம் செய்து பார்த்தேன். மூன்றாவது தடவை இல்லை, ஏழாவது தடவையில் கிடைத்தது. கிடைத்ததும் நான் கத்திய கத்தலில் விடுதிக் காப்பாளர் ஓடி வந்துவிட்டார்.

விலாவின் பக்கவாட்டில் இருக்கும் செரேட்டஸ் முன்தசையை எப்படித் தொடுவது?

வடசேரி அக்கா | செவ்வாய், மதியம் 2.05

படுக்கவைத்து, கையைக் கூரையை நோக்கி நேராக நீட்டச் சொல். நீ மேலிருந்து அதன் முனையில் தடுக்க, அவர் கூரையைத் தொடுவது போல் இன்னும் மேலே தள்ள வேண்டும். அக்குளுக்குக் கீழே, லட்டிசிமஸின் ஓரத்துக்கு முன்னால் விலாக்களின்மேல் உன் உள்ளங்கையை வை. விரல்விரலாக எழும்பும். ஒவ்வொரு விலாவிலும் ஒரு விரல்.

எங்கள் பிரிவில் இதை விட்டுவிடாமல் பார்ப்போம். அதற்கான நரம்பு அக்குளின் உள்சுவரில் தசையின் மேலேயே திறந்த வெளியில் ஓடுகிறது, அக்குள் அறுவையில் அடிபடக்கூடும். அடிபட்டால் நோயாளி சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு சிறகு போலப் பின்னால் எழும்பும்.

மார்த்தாண்டம் பிசியோ | செவ்வாய், மாலை 4.30

லட்டிசிமஸ் என்றதும் ஒரு சுலபமான வழி: அக்குளின் பின்சுவரை இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நோயாளியை இருமச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகத் துள்ளும். முதல் தடவை செய்கிறவர்கள் கையை எடுத்துவிடுவார்கள், அவ்வளவு பலமாகத் துள்ளும்.

முன்சுவருக்கும் ஒரு கதை. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன் ஒருவன் சென்ற மாதம் வந்தான். பெஞ்சில் படுத்து எடை தூக்கும்போது 'டப்' என்று சத்தம், மேற்கையெல்லாம் கறுத்துப்போயிருந்தது. மூன்று நாள் ஐஸ் வைத்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து அழுத்தச் சொன்னேன். இடப்பக்கம் அக்குளின் முன்சுவர் கட்டியாக எழுந்தது. வலப்பக்கம் சுவரே இல்லை, தசை மார்பெலும்பை நோக்கிப் பந்தாகச் சுருண்டுகொண்டது. மேற்கை எலும்பில் ஒட்டியிருந்த நாண் அறுந்திருந்தது. அன்றைக்கே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். இதில் நாள் தள்ளத் தள்ளத் தைப்பது கடினம்.

ஆனால் பிறவியிலேயே அந்தச் சுவர் இல்லாதவர்களும் உண்டு. போலண்ட் குறைபாடு என்பார்கள். மார்பெலும்புக் கற்றை இருக்காது, அதே பக்கக் கைவிரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கலாம். 1841இல் ஆல்ஃபிரட் போலண்ட் என்பவர் எழுதியது. அந்தப் பையனுக்குச் சத்தம் கேட்டது, கறுத்தது. இவர்களுக்கு எதுவும் நடந்திருக்காது. கேட்டாலே தெரிந்துவிடும்.

குலசேகரம் | புதன், இரவு 9.15

அப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். டெரஸ் மேஜர், மைனர் இரண்டும் இனி சாகும்வரை மறக்காது. அவருக்கு வலி சுப்ராஸ்பைனேட்டஸ் நாணில்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 டிகிரியில் தொடங்கி 120 வரை வலி, அதற்கு மேல் இல்லை.

இன்னொரு சந்தேகம். வெளிநோயாளர் பிரிவில் நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு மார்பெலும்பு ஓரத்தில் விலாக் குருத்தெலும்புகளை அழுத்துகிறோம். அழுத்தினால் வலித்தால் அது தசை அல்லது குருத்தெலும்பு வலி, இதயம் இல்லை என்று முடிவு செய்யலாமா? மூத்தவர் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஓய்வுபெற்ற எலும்பு | புதன், இரவு 9.31

முடிவு செய்யக் கூடாது. கூடவே கூடாது. அழுத்தினால் வலிப்பது இதய அடைப்புக்கான வாய்ப்பைக் குறைக்கும், இல்லை என்று ஆக்கிவிடாது. விலா வலியும் இதய அடைப்பும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கலாம். வியர்வை, மூச்சுமுட்டல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, சர்க்கரை, புகைப்பழக்கம் எதையாவது கேட்டால் விரலை எடுத்துவிட்டு முதலில் ஈ.சி.ஜி. எடு. சர்க்கரைக்காரர் என்றால் இவை எதுவும் சொல்லாமலும் இருப்பார்.

விலாக்களை எண்ணும்போது காறை எலும்பிலிருந்து எண்ணாதே, முதல் விலா அதற்கு அடியில் மறைந்திருக்கும். மார்பெலும்பின் மேல்பகுதியில் ஒரு குறுக்கு மேடு இருக்கிறதே, அதன் நேர் பக்கத்தில் இரண்டாம் விலா. அங்கிருந்து எண்ணு.

நாஞ்சில் மாணவி | சனி, இரவு 8.50

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. ஊருக்கு வந்திருக்கிறேன், தோவாளைப் பக்கம்.

பாட்டா பனையேறியாக இருந்தவர். ஏறுவதை நிறுத்திப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, வயது 74. மரத்தைக் கட்டிக் கட்டி நெஞ்சில் காய்ப்புக் காய்த்திருக்கும், சின்ன வயதில் அதில் கன்னத்தை வைத்தால் உப்புத்தாள் மாதிரி உரசும். பயிற்சிக்காகத்தான் திண்ணையில் உட்காரவைத்தேன். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கினேன் (முட்டத்து ஐயாவுக்கு நன்றி). பாட்டாவின் கட்டைவிரலையே பிடித்து அளந்தேன் (ஆசான் வீட்டாருக்கு நன்றி). இரண்டு பக்கமும் கோரகாய்டு முதல் முயற்சியிலேயே கிடைத்தது. கையைச் சுழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. செரேட்டஸ் விரல்கள் ஒவ்வொன்றும் இன்னும் கயிறு மாதிரி இருக்கின்றன.

பின்பக்கம் போனேன். இடப்பக்கம் தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே நிறைவாகச் சதை இருந்தது. வலப்பக்கம் அதே இடத்தில் என் மூன்று விரல்களும் உள்ளே இறங்கிவிட்டன. பள்ளம். எலும்பு நேராகத் தட்டுப்படுகிறது. மேலே உள்ள பள்ளத்திலும் கொஞ்சம் அப்படித்தான். டெல்டாய்டு மட்டும் உருண்டையாக நன்றாக இருக்கிறது, அதனால் முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"எத்தனை நாளாகப் பாட்டா?" என்று கேட்டேன். "எது?" என்றார். வலியே இல்லையாம். முன்பு எப்போதோ மழையில் மட்டையோடு சறுக்கிப் பாதி மரத்தில் ஒற்றைக் கையால் தொங்கினாராம். அதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று இன்றைக்கும் கண்ணைக் காட்டுகிறார்.

ஓய்வுபெற்ற எலும்பு | சனி, இரவு 9.04

முழங்கையை விலாவில் ஒட்டி மடக்கி வை. முன்கையை அவராக வெளிப்பக்கம் திருப்பினால் எவ்வளவு போகிறது? நீ திருப்பினால் எவ்வளவு போகிறது? இரண்டையும் தனித்தனியாகச் சொல்.

நாஞ்சில் மாணவி | சனி, இரவு 9.20

அவராகத் திருப்பினால் 15 டிகிரி இருக்கும். நான் திருப்பினால் 60 வரை தடையில்லாமல் போகிறது. "அப்படியே வைத்திருங்கள் பாட்டா" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொள்வது போல் முன்கை திரும்பி வயிற்றில் வந்து இடித்தது. பாட்டா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடது கையால் தலை சீவுவது அவருடைய பழக்கம் என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஓய்வுபெற்ற எலும்பு | சனி, இரவு 9.31

தோள் உறைந்திருந்தால் நீ திருப்பினாலும் போயிருக்காது. இது அந்த மேட்டுக்குக் கீழே இருக்கும் தசையான இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், கூடவே சுப்ராஸ்பைனேட்டஸும். நாண் கிழிந்து நாளாகிவிட்டது என்பதே என் ஊகம். நரம்பு நசுங்கினாலும் இப்படி வற்றும், அதனால் ஸ்கேன் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். இந்த வயதில், வலி இல்லாமல், மற்ற தசைகளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறவருக்குக் கத்தி வைக்கத் தேவை இருக்காது. டெல்டாய்டுக்குப் பயிற்சி கொடுத்தே நிறையச் செய்யலாம். அது உங்கள் துறை, மார்த்தாண்டத்துத் தம்பியிடம் கேள். ஆனால் ஒரு எலும்பு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போ.

மார்த்தாண்டம் பிசியோ | சனி, இரவு 9.45

ஸ்கேன் முடிந்ததும் எழுதுங்கள் தங்கை. படுத்த நிலையில் தொடங்கும் பயிற்சிகளை வரிசையாக அனுப்புகிறேன். அதுவரை தண்ணீர்க் குடம் வலது கையில் வேண்டாம்.

நாஞ்சில் மாணவி | ஞாயிறு, காலை 7.10

திங்கட்கிழமை போகிறோம். குடத்தை அம்மா எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். மரத்தில் தொங்கிய கதையும் எப்படியோ வெளியே வந்துவிட்டது. பஸ்ஸிலேயே போகலாம் என்கிறார் பாட்டா, ஆட்டோ சொல்லியாகிவிட்டது என்கிறார் அம்மா. இரண்டு பேரும் நேற்றிரவிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.